புதுக் கீப்பிங் கிளவுஸைப் பழக்குவது எப்படி?

கடினப்பந்துக் கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் போடவென்று வாங்கிய புதுக் கீப்பிங் கிளவுஸ் பலகை மாதிரித்தான் இருக்கும். அப்படியே மட்ச்சுக்குப் போட்டுப் போனால் பந்து உள்ளங்கையில் பட்டுத் தெறித்துவிடும். பழக்குவதற்குப் பத்து நாள் போதும். ஆனால் முழுக் கிளவுஸையும் இளக்கப் போகக்கூடாது. விரல் மடியும் மூட்டுகளும் உள்ளங்கைக் குழியும் இளகினால் சரி. மற்ற இடமெல்லாம் விறைப்பாக இருந்தால்தான் கைக்குப் பாதுகாப்பு.

தேவையானவை: பழைய லெதர் பந்து இரண்டு, பழைய சொக்ஸ் ஒன்று, இரண்டு விரல் அகலத்தில் கிழித்த பருத்திச் சீலைத் துண்டுகள், உள் கிளவுஸ், நிறமில்லாத சப்பாத்துக் கிறீம் அல்லது தேன்மெழுகு கலந்த தோல் பாம்.

முதலில் அது தோல்தானா என்று பாருங்கள். மணிக்கட்டுப் பக்கம் வெட்டு விளிம்பு தெரியும். நார் நாராக இருந்தால் தோல்; பின்னால் துணி ஒட்டியிருந்தால் ரெக்சின். ரெக்சினுக்குக் கிறீம் பூசி வேலையில்லை, நேரே மூன்றாம் படிக்குப் போங்கள்.

1. மடித்தல்

உள் கிளவுஸ் போட்டு, அதற்கு மேல் கீப்பிங் கிளவுஸைப் போடுங்கள். ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக, உள்பக்கமாக மட்டும், இருபது தரம் மடியுங்கள். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, மூன்று நாள். பின்பக்கம் வளைத்தால் தையல் விடும். விரல் நுனிக்குள் கெட்டியான தொப்பி இருக்கும். அது இளகாது, இளக்கவும் கூடாது. நகத்தைக் காப்பது அதுதான்.

2. கிறீம்

அதிகம் பேர் கிளவுஸைக் கெடுப்பது இங்கேதான், அதுவும் தேங்காய் எண்ணெயால். அது 24 பாகை செல்சியஸுக்கு மேல் உருகிவிடும். நுவரெலியாவில் போத்தலுக்குள் உறையலாம். திருகோணமலை வெக்கையில் தண்ணீராகத்தான் நிற்கும். தோலில் தங்காமல் உள்ளே பஞ்சுவரை இறங்கும், தோலைக் கறுப்பாக்கும், புழுதியைப் பிடிக்கும். எல்லாவற்றையும் விட மோசம், உள்ளங்கையில் இருக்கும் புள்ளி ரப்பருக்குக் கசிவது. எண்ணெய் பட்ட இயற்கை ரப்பர் ஊதும், வழுக்கும், கடைசியில் உரியும். ரப்பர் போனால் கிளவுஸ் போனது.

ஆகவே கிறீம் புறங்கைத் தோலுக்கும் விரல் மூட்டின் பின்பக்கத்துக்கும் மட்டும். ஈரத்துணியால் தோலைத் துடைத்து, ஈரம் பாதி காய்ந்ததும், ஒரு கிளவுஸுக்கு அரைத் தேக்கரண்டி அளவு எடுத்துத் துணியால் தேயுங்கள். ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு மிச்சத்தைத் துடையுங்கள். இன்னும் விறைப்பாகத் தெரிந்தால் ஒரு கிழமை கழித்து இன்னொரு தரம். டின்னில் வரும் கறுப்புப் பொலிஷ் வேண்டாம். அது மினுக்கத்துக்கு, மென்மைக்கு அல்ல.

3. குழி அமைத்தல்

கிளவுஸைப் புத்தகம் மாதிரி நடுவில் இரண்டாக மடித்துப் பாயின்கீழ் வைப்பார்கள். செய்யாதீர்கள். உள்ளங்கைக்குக் குறுக்கே ஒரு கோடு விழும், பிறகு அது போகாது, அந்தக் கோட்டில் படுகிற பந்து துள்ளும். பேஸ்போல்காரருக்கு ஒரு கையிலேயே பிடி. நமக்கு இரண்டு சின்னவிரலும் ஒட்டி நிற்க, இரண்டு கையும் சேர்ந்துதான் ஒரு கிண்ணம். ஒவ்வொரு கிளவுஸும் அரைக் கிண்ணமாக வளைய வேண்டுமே தவிர மூடக்கூடாது.

சுட்டுவிரலும் நடுவிரலும் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே பந்தை வையுங்கள். விரல்கள் அதன்மேல் இலேசாகக் கவியட்டும், பெருவிரல் பக்கத்தில் விலகி நிற்கட்டும். சீலைத் துண்டால் கட்டி இரவு முழுக்க விடுங்கள். ரப்பர் பாண்ட் போட்டால் தோலில் தழும்பு விழும். ஐந்து இரவு போதும்.

பகலில் இன்னொரு பழைய பந்தைச் சொக்ஸுக்குள் போட்டு முடிந்து, அந்தக் குழியில் பத்து நிமிடம் தட்டுங்கள். தட்டுவதற்கு மட்டையைவிட இதுதான் நல்லது, அடி ஓரிடத்தில் விழும்.

4. பிடித்துப் பழகுதல்

ஐந்து மீற்றர் தூரத்திலிருந்து கீழ்க்கையால் எறியச் சொல்லி ஐம்பது பந்து. அடுத்த நாள் பத்து மீற்றர். நாலு தரம் இப்படிப் பிடித்த பிறகு திருகோணமலை மக்கெய்சர் மைதானத்துக்குக் கொண்டுபோகலாம். அதுவரை புதுப்பந்து வேண்டாம்.

காயவைத்தல்

எப்போதும் நிழலில், பந்து உள்ளே இருக்க. நனைந்த தோல் சூட்டில் காய்ந்தால் நார்கள் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பழக்கியதெல்லாம் வீண். மோட்டார்சைக்கிள் சீற், தகரக் கூரை, ஹெயார் டிரையர் மூன்றுமே ஆகாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் (தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று, தின்கிற கச்சான் அல்ல!) நிழலிலேயே தோல் வறண்டு போகும், வீட்டுக்குள் வையுங்கள். கடற்கரையில் பயிற்சி எடுத்தால் உப்பையும் மணலையும் நல்லதண்ணீரில் பிழிந்த துணியால் அன்றே துடைக்க வேண்டும்.

பின்னர் சேர்த்தது: "பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள வலையையும் இளக்கலாமா?" என்று பலர் கேட்டிருந்தார்கள். கூடாது. கிரிக்கெட் சட்டம் 27இன்படி அது இழுபடாத பொருளில் ஒரே துண்டாக இருக்க வேண்டும். பெருவிரலை முழுக்க விரித்தால் விறைப்பாக நிற்க வேண்டும். தொளதொளத்தால் நடுவர் கழற்றச் சொல்லலாம்.

இன்னொன்று: மாரியில், ஐப்பசி தொடங்கித் தை வரை, கிட் பாக்குக்குள் மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்தால் வெளியில் கொண்டுபோய் உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து நனைத்துப் பிழிந்த துணியால் தோலை மட்டும் துடையுங்கள். பிறகு பத்திரிகைத் தாளைக் கசக்கி விரல்களுக்குள் திணித்து, ஈரமாக ஈரமாக மாற்றிக்கொண்டிருங்கள்.