கல்லூரிப் பின்னணியில் அமானுஷ்யக் காதல் நாவல்: எழுதிச் சொந்தமாகப் பதிப்பிக்கும் முறை

முதன்முதலாக ஓர் அமானுஷ்யக் காதல் நாவலை எழுதி, பதிப்பகம் எதையும் எதிர்பாராமல் தாமே மின்னூலாக வெளியிட விரும்புகிறவர்களுக்காக இந்தச் செய்முறையை எழுதுகிறேன். வேலையைத் தொடங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். மனத்தில் இருக்கும் கதையைப் பேய் இல்லாமல் ஒரு நண்பரிடம் சொல்லுங்கள். காதல் கதை அப்படியே நிற்குமானால், அதில் பேய் வெறும் அலங்காரம். அமானுஷ்யம்தான் அந்த இருவரையும் சேர்த்துவைக்க வேண்டும். அவர்களைப் பிரிக்கப் பார்ப்பதும் அதுவாகவே இருக்க வேண்டும்.

படி 1: விதித்தாள் எழுதுதல்

முதல் அத்தியாயத்துக்கு முன்பே ஒரே ஒரு தாளில் உங்கள் அமானுஷ்ய உலகின் விதிகளை எழுதிக்கொள்ளுங்கள். ஆவியான நாயகனை யாரெல்லாம் பார்க்க முடியும், அவன் பொருள்களைத் தொட முடியுமா, எந்த எல்லையைத் தாண்டிப் போக முடியாது, அவனோடு பழகுவதால் நாயகிக்கு என்ன இழப்பு என்ற நான்கு கேள்விகளுக்காவது அதில் தெளிவான பதில் இருக்க வேண்டும். நான்காவது கேள்வியைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். இழப்பு இல்லாத சக்தியால் கதையில் எந்தச் சிக்கலையும் தீர்த்துவிட முடியும் என்பதால், வாசகர் எதற்கும் பயப்படமாட்டார்.

என் முதல் நாவலில் இந்தத் தாள் இல்லை. மூன்றாம் அத்தியாயத்தில் சுவரை ஊடுருவிச் சென்ற நாயகன், பதினோராம் அத்தியாயத்தில் கதவைச் சாத்தி அதில் சாய்ந்து நின்றான். கைப்பிரதியைப் படித்த தோழி ஒருத்தி, “சுவருக்குள்ளே நுழையறவன் கதவுல மட்டும் எப்படிச் சாய்ஞ்சு நிக்கறான்?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக நான்கு அத்தியாயங்களைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று.

படி 2: கல்லூரியைக் கடிகாரமாக்குதல்

கல்லூரி என்பது வெறும் மரத்தடியும் வகுப்பறையும் அல்ல. பருவத் தேர்வு, வருகைப்பதிவு, விடுதிக் கதவு மூடும் நேரம், இறுதியாண்டின் கடைசி நாள் என்று அங்கே எல்லாவற்றுக்கும் கெடு உண்டு. நூலகத்தை விட்டு வெளியேற முடியாத ஆவியை இறுதியாண்டு மாணவி ஒருத்தி காதலிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் படிப்பை முடித்த நாளில் நூலக அட்டையைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வில்லன் யாரும் இல்லாமலேயே கதைக்கு வேண்டிய நெருக்கடி கிடைத்துவிட்டது. கல்லூரி நாட்காட்டியைப் போலவே உங்கள் அத்தியாயங்களுக்கும் தேதி போட்டு ஓர் அட்டவணை தயாரித்துக்கொள்ளுங்கள். காதலர் இருவரும் 18 வயது நிறைந்தவர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுவது நல்லது.

படி 3: முடிவை முதலில் தீர்மானித்தல்

காதல் நாவலுக்கு ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா சங்கம் வகுத்த வரையறையில் இரண்டே கூறுகள்தாம் உள்ளன: காதல் கதையின் மையமாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். நாயகன் இறந்தவன் என்னும்போது இரண்டாவது கூறு பெரும் தலைவலி. அவனை உயிர்ப்பிக்கலாம், ஆனால் அதற்கான வழி விதித்தாளில் முன்பே இருக்க வேண்டும். இறுதி அத்தியாயத்தில் திடீரென முளைக்கும் மந்திரத்தை வாசகர் மன்னிக்கமாட்டார். அவள் உயிரை விட்டு அவனோடு சேர்வதாக முடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். சாவைப் பரிசாகக் காட்டுவது பொறுப்பற்ற எழுத்து. அவன் விடுதலை பெற்று மறைந்துபோவதாக முடித்தால் அது நல்ல கதையாக அமையலாம். ஆனால் அதைக் காதல் நாவல் பிரிவில் விற்றால் ஏமாந்த வாசகரின் கோபம் விமர்சனத்தில் தெரியும்.

படி 4: ‘நீங்க’ என்பதிலிருந்து ‘நீ’ வரை

தமிழில் காதலைச் சொல்ல நமக்கு வாய்த்த அருமையான கருவி இது. முன்னிலைச் சொல் மாறும் இடத்தை முன்கூட்டியே திட்டமிட்டு, நாவல் முழுவதற்கும் ஒரே ஒரு முறை அதைப் பயன்படுத்துங்கள். விவரணை எழுத்துத் தமிழிலும் உரையாடல் பேச்சுத் தமிழிலும் இருக்கட்டும். முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் அமையும்:

“அவனைப் பார்த்ததும் அவள் இதயம் படபடத்தது. அவன் பேய் என்று தெரிந்தும் அவள் அவனை நேசித்தாள்.”

அதையே இப்படித் திருத்தலாம்:

“புத்தகத்தின் பின்பக்கம் ஒட்டியிருந்த தேதிச்சீட்டில் கடைசி முத்திரை 1986 என்றிருந்தது. ‘இதை நீங்க இன்னும் திருப்பித் தரல’ என்றாள். ‘படிச்சு முடிக்கலையே’ என்றான். அவள் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டாள். ‘சரி, பக்கம் முடிஞ்சதும் நீ சொல்லு. நான் புரட்டறேன்.’”

அவனால் எதையும் தொட முடியாது என்ற விதி, அவன் இறந்த காலம், அவள் மனம் மாறிய கணம் ஆகிய மூன்றும் இதில் தாமாகவே வந்துவிடுகின்றன. இதயம் என்ற சொல்லே தேவைப்படவில்லை.

படி 5: நீளமும் மெய்ப்பும்

அறிவியல் புனைவு, மிகைப்புனைவு நூல்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் நெபுலா விருதின் விதிகளின்படி 40,000 சொற்களிலிருந்து நாவல் தொடங்குகிறது. ‘வந்துகொண்டிருந்தவனிடமிருந்து’ என்பது நமக்கு ஒரே சொல் என்பதால், அதே அளவு கதை தமிழில் குறைந்த சொற்களிலேயே அடங்கிவிடும்; ஆகவே எண்ணிக்கையைப் பார்த்துக் கதையை இழுக்க வேண்டாம். வரைவு முடிந்த பின் குறைந்தது இரண்டு வாரம் அதைத் தொடாதீர்கள். பிறகு ஒரு முறை விதித்தாளோடு ஒப்பிட்டும், இன்னொரு முறை ஒற்றுப்பிழைக்காக மட்டும் உரக்கவும் படியுங்கள். மெய்ப்புப் பார்க்க வேறொருவர் கண்டிப்பாகத் தேவை. எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

படி 6: கோப்பும் அட்டையும்

கோப்பு யுனிகோட் எழுத்தில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பிரதியை மாற்றாமல் ஏற்றினால் வாசகர் திரையில் குப்பை எழுத்துகள்தாம் தெரியும். மாற்றிய பின் கொம்பு, துணைக்கால் உள்ள சொற்களைத் தனியே சரிபாருங்கள். அமேசானின் சொந்தப் பதிப்புத் தளமான கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங் (சுருக்கமாகக் கேடிபி) வேர்டு கோப்பையும், இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பையும் ஏற்கும். அத்தியாயத் தலைப்புகளுக்கு வேர்டில் உள்ள தலைப்புப் பாணியைப் (Heading style) பயன்படுத்தினால் பொருளடக்கம் எளிதாக அமையும். அட்டைப்படத்துக்கு அந்தத் தளம் பரிந்துரைக்கும் அளவு உயரம் 2,560, அகலம் 1,600 பிக்சல். கடையில் அது கட்டைவிரல் நகம் அளவில்தான் தெரியும் என்பதால், மெல்லிய வளைவெழுத்தில் தலைப்பை வைக்காதீர்கள். படத்தையோ உரையையோ செயற்கை நுண்ணறிவு உருவாக்கியிருந்தால், பதிவேற்றும்போது அதைத் தெரிவித்தாக வேண்டும்.

படி 7: பதிவேற்றம்

இந்தத் தளத்தில் மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன் என்ற பன்னாட்டு நூல் அடையாள எண் கட்டாயமில்லை. தளமே தன் அடையாள எண்ணைத் தந்துவிடும். கடைப்பக்கத்தில் தெரியும் நூல் குறிப்புரைக்கு 4,000 எழுத்துக்குறிகள் வரை இடம் உண்டு, ஆனால் முதல் இரண்டு வரியிலேயே அவள் யார், அவன் என்ன, தடை எது என்று சொல்லிவிடுங்கள். தேடுசொற்களுக்கு ஏழு பெட்டிகளும், பிரிவுகளுக்கு மூன்று இடங்களும் கிடைக்கும். எழுத்தாளருக்குக் கிடைக்கும் உரிமத்தொகை (ராயல்டி) 35 சதவீதம், 70 சதவீதம் என இரு வகை. பின்னதற்கு டாலர் விலை 2.99 முதல் 9.99 வரை இருக்க வேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகள் உண்டு. மின்னூலை அமேசானில் மட்டுமே வைக்க ஒப்புக்கொள்ளும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூலை வேறெங்கும், உங்கள் சொந்த வலைப்பக்கத்தில்கூட, முழுமையாக வைக்கக் கூடாது. அத்தியாயங்களைத் தொடராக முன்பே இணையத்தில் வெளியிட்டிருந்தால், சேரும் முன் அவற்றை நீக்கிவிடுங்கள்.

வெளியிடும் பொத்தானை அழுத்தும் முன், முன்னோட்டத்தில் கைபேசி அளவுத் திரையைத் தேர்ந்து, கடைசிப் பக்கம் வரை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். பிறகு பிழை கண்டால் திருத்திய கோப்பை மீண்டும் ஏற்றலாம் என்றாலும், ஏற்கெனவே வாங்கியவர்களின் பிரதி தானாக மாறிவிடும் என்று நம்பியிருக்க முடியாது.