டெக்சஸில் முதல் கோடை: சென்ட்ரல் ஏசியை அறிந்துகொள்ளுங்கள்

ஹூஸ்டன், டாலஸ் பக்கம் புதிதாகக் குடிவந்திருப்பவர்கள் ஜூன் மாதத்துக்குள் தங்கள் வீட்டு ஏசியைப் பற்றி ஓரளவாவது தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் அறைக்கு ஒரு ஏசி. ஒன்று பழுதானால் அடுத்த அறையில் படுத்துக்கொள்ளலாம். இங்கே பெரும்பாலும் வீடு முழுவதற்கும் ஒரே இயந்திரம்தான். அது நின்றால் கைக்குழந்தையோ வயதான பெற்றோரோ இருக்கும் வீட்டில் ஒரு பிற்பகலைக் கழிப்பதே ஆபத்தாகிவிடும்.

காற்று தடையின்றி ஓட வேண்டும், தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும். இந்த இரண்டையும் கவனித்தாலே பல பழுதுகள் வராது.

வீட்டுக் காற்றை உள்ளே இழுக்கும் பெரிய கிரில்லைத் திறந்தால் அட்டைச் சட்டமிட்ட ஃபில்டர் இருக்கும். அளவு அதன் விளிம்பிலேயே 16 × 25 × 1 என்பது போல அங்குலத்தில் அச்சாகியிருக்கும். அதே அளவில் வாங்கி, அம்புக்குறி இயந்திரத்தை நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். மெல்லிய ஃபில்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். தினமும் தாளிப்பும் பொரிப்பும் நடக்கும் நம் வீடுகளில் மாதாமாதம் எடுத்துப் பாருங்கள். எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து சீக்கிரமே அடைத்துவிடும். அடைபட்டால் உள்ளே இருக்கும் குளிர்க்குழாயில் பனிக்கட்டி உறைந்து, குளிர்ச்சி அடியோடு நின்றுபோகும். அப்போது குளிரூட்டலை அணைத்துவிட்டு ஏசியின் விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். உருகச் சில மணி நேரமாகும். ஆள் இல்லாத அறைகளின் காற்றுத்துளைகளை மூடி மின்சாரம் மிச்சம் பிடிக்க நினைப்பதும் இதே கோளாறில் கொண்டுபோய் விடலாம்.

அடுத்தது தண்ணீர். காற்றிலிருந்து பிரியும் நீர் பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியேறும். அதில் பாசி பிடிப்பது ஹூஸ்டன் ஈரக்காற்றில் சாதாரணம். இயந்திரத்தை அணைத்துவிட்டு, அதன் அருகே குழாயில் உள்ள மூடியைத் திறந்து ஒரு கோப்பை வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் விடுங்கள். வெளிச்சுவரில் ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டாவது குழாயிலிருந்து நீர் சொட்டினால் முதன்மைக் குழாய் அடைபட்டிருக்கிறது என்று பொருள். அதற்காகவே பலர் கண்ணில் படும் இடத்தில் அதை வைக்கிறார்கள். வடியாமல் நீர் நிறைந்ததும், நீர்மட்டத்தோடு மேலெழும் மிதவைச் சுவிட்ச் ஏசியை நிறுத்திவிடும். சில வீடுகளில், வெப்பநிலையைக் காட்டிக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் திரையே இருண்டுபோகும். இயந்திரம் கூரைக்கு அடியில் உள்ள வீடுகளில், மேலிருந்து வீட்டுக்குள் நீர் இறங்காமல் காப்பது இந்தச் சிறு சுவிட்ச்தான், அதைத் தயவுசெய்து துண்டித்துவிடாதீர்கள்.

வெளிப்பெட்டியைச் சுற்றி இரண்டடி இடம் விட்டு, மின்சாரத்தைத் துண்டித்தபின் தோட்டக்குழாயால் மெதுவாகக் கழுவுங்கள். அதிவேக நீர்ப்பீச்சி மெல்லிய தகடுகளை வளைத்துவிடும்.

பிரேக்கர் விழுந்திருந்தால் ஒருமுறை மட்டும் போட்டுப் பாருங்கள். மீண்டும் விழுந்தாலோ, வெளிப்பெட்டி உறுமியும் விசிறி சுழலாவிட்டாலோ மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மின்சாரத்தை அணைத்த பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும், கை வைக்காதீர்கள். வந்தவர் "கேஸ் குறைந்துவிட்டது" என்றால், கசிவு எங்கே என்று கேளுங்கள். மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் தானாகக் குறையாது. அதைக் கையாள்பவரிடம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிப்படி சான்றிதழ் இருக்க வேண்டும். காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பழுதை எழுத்து மூலம் தெரிவியுங்கள். அறை வெப்பநிலை தெரியும்படி தெர்மோஸ்டாட்டைப் படமெடுத்து, தேதியோடு இணைத்து அனுப்புங்கள்.