தமனி இரண்டாகப் பிரியும்போது எந்தப் பக்கம் எவ்வளவு ரத்தம் போகும்? கணக்குப் போடும் முறை

முதலில் ஒரு கிளைத்த குழாயை வரையுங்கள். உள்ளே வருவது எவ்வளவோ, அதுதான் இரண்டு கிளைகளிலும் சேர்ந்து வெளியே போகும். அதை எப்படிப் பங்கு பிரிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

கிளைகளின் விட்டம் 4, 3 மில்லிமீட்டர் என்றால் பரப்பைப் பார்த்து 16-க்கு 9 என்று எழுதக் கை போகும். எழுதாதீர்கள். குழாயில் திரவம் எவ்வளவு ஓடும் என்று சொல்லும் பாய்சொய் சமன்பாட்டின்படி ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. நீளமும் அழுத்த வேறுபாடும் இரண்டிலும் ஒன்று என்றால் 256-க்கு 81, அதாவது பெரிய கிளைக்கே 76 சதவீதம் போய்விடும்.

சரி, இதோடு நிறுத்தினால் விடை உடலுக்குப் பொருந்தாது, ஏனென்றால் நாம் விட்டம் அளந்த பெரிய தமனிகளில் அழுத்தம் கொஞ்சம்தான் இறங்குகிறது, பெரும்பகுதி இறங்குவது அதற்கும் கீழே, கண்ணுக்குத் தெரியாத நுண்தமனிகளில். அதனால் பிரியும் இடத்திலிருந்து சிரை வரை ஒவ்வொரு வழியின் மொத்தத் தடையையும் எடுத்து, அழுத்த வேறுபாட்டை அதனால் வகுங்கள்.

வயிற்றுப் பெருந்தமனி நான்காவது இடுப்பு முள்ளெலும்பின் அருகே இரண்டாகப் பிரிகிறதே, அங்கே போட்டுப் பார்ப்போம். கணக்குக்காக நிமிடத்துக்கு 600 மில்லி வருகிறது, காலுக்கு 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வலது காலால் மட்டும் பெடல் மிதிக்கிறீர்கள். அந்தத் தசையின் நுண்தமனிகள் விரிந்து தடை மூன்றில் ஒரு பங்காகிறது. இங்கே நிறையப் பேர் 600-ஐ அப்படியே வைத்துக்கொண்டு 450, 150 என்று பிரித்து, இடது காலின் ரத்தத்தைப் பிடுங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். தவறு! இதயம் கூடுதலாக இறைத்து அழுத்தத்தைக் காப்பாற்றினால் வலதுக்கு 900, இடதுக்கு அதே 300, மொத்தம் 1200. பிரியும் இடத்தில் குழாயின் அளவு மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள், எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கழுத்தில் கரோட்டிட் தமனிக்கும் இதே வழிதான். மூளைக்குப் போகும் கிளையில் தடை குறைவு, அதனால் அதற்குத்தான் பெரிய பங்கு, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே இதயம் தளரும் நேரத்திலும் அங்கே ஓட்டம் நிற்பதில்லை.

அப்புறம் ஒன்று. மிக நுண்ணிய குழாய்களில் சிவப்பணுக்கள் ரத்தம் பிரியும் அதே விகிதத்தில் பிரிவதில்லை, வேகமாக ஓடும் கிளைக்குள்ளேயே கூடுதலாகப் போய்விடும், ஓட்டம் மிகவும் குறைந்த கிளைக்கு ஏறக்குறைய பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் அணுக்கள் இல்லாத திரவப் பகுதி மட்டுமே கிடைக்கும்.