படிக்காமல் 'யெஸ்' அழுத்தாதீர்கள்

ஏதோ ஒரு புரோகிராமைத் திறக்கிறோம். திரை மங்கி, நடுவில் ஒரு பெட்டி வந்து அனுமதி கேட்கிறது. விண்டோஸ் விஸ்டா வந்த 2007இலிருந்தே இது உண்டு. என்ன கேட்கிறது என்று பார்க்காமல் 'யெஸ்' கொடுப்பதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. அந்த ஒரு கிளிக்கில் புரோகிராமுக்கு அட்மின் உரிமை கிடைத்துவிடுகிறது. சிஸ்டம் ஃபைல்களை மாற்றலாம், அதே கணினியில் உள்ள மற்றவர்களின் ஃபைல்களையும் திறக்கலாம்.

முதலில், இதை நாம்தான் தொடங்கினோமா என்று யோசியுங்கள். சும்மா மெயில் படித்துக்கொண்டிருக்கும்போது கேட்டால் 'நோ' கொடுங்கள். அதனால் கணினிக்கு ஒன்றும் ஆகாது. உண்மையிலேயே தேவையென்றால் மறுபடி திறந்து அனுமதித்துக்கொள்ளலாம்.

அப்புறம் 'பப்ளிஷர்' என்ற வரி. விண்டோஸ் 10இல், வெளியிட்டவர் யார் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம் சரியாக இருந்தால் பெட்டியின் மேல்பகுதி நீலமாக இருக்கும். யார் வெளியிட்டது என்று தெரியாவிட்டால் மஞ்சள். மஞ்சள் என்றாலே வைரஸ் இல்லை, தனிநபர்கள் எழுதும் நல்ல இலவச மென்பொருள்களுக்கும் அது வரும். ஆனால் பெரிய நிறுவனத்தின் அப்டேட் என்று சொல்லிக்கொண்டு மஞ்சளில் வந்தால் நம்பவே வேண்டாம். நீலத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது: 2010இல் பிடிபட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற நாசகார மென்பொருள், ரியல்டெக் நிறுவனத்தின் திருடப்பட்ட கையொப்பத்தோடு வந்தது.

தொல்லை தாங்கவில்லை என்று இந்தப் பெட்டியையே அணைத்து வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கேள்வி கேட்பதுதான் நிற்கும், ஆபத்து அப்படியே இருக்கும்.

பிரவுசரில் பூட்டுச் சின்னத்தைப் பார்த்துவிட்டு, தளம் நேர்மையானது என்று நினைப்பது இன்னொரு தவறு. வழியில் யாரும் தகவலை ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். போலி வங்கித் தளத்துக்கும் இலவசமாகவே அந்தப் பூட்டு கிடைக்கும். 2023இல் குரோம் அதை எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்ததற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். பார்க்க வேண்டியது முகவரியை, எழுத்தெழுத்தாக.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று வந்தால் கணினியின் தேதியைச் சரிபாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்னுக்குப் போயிருக்கலாம். ஒரே ஒரு தளத்தில் மட்டும் வந்தால், அங்கே பாஸ்வேர்டு போடாமல் வெளியேறிவிடுங்கள்.

வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள் என்று திரை முழுக்கச் சிவப்பாக வருவது மோசடி. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் ஃபோன் நம்பர் இருக்காது. எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். போகாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள்.