பிரைமர் உரிந்தால் பழி யார் மீது?

விமானம் போன்றவற்றின் சிறு வடிவமான ஸ்கேல் மாடலுக்கு வண்ணம் பூசுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார், "இந்த பிரைமர் சரியில்லை, நகம் பட்டாலே உரிகிறது" என்பது. பல சமயம், பெயிண்டுக்கு முன் தெளிக்கும் அடிப்பூச்சான பிரைமரில் குற்றமே இருக்காது. சோதித்த பரப்பும் சோதித்த நேரமும்தான் தவறாக இருக்கும்.

பிளாஸ்டிக் ஸ்பூனில் தெளித்துப் பார்ப்பது பரவலான வழக்கம். மாடல் உதிரிகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீனில் வார்க்கப்படுபவை. ஸ்பூன்களில் பலவோ பாலிபுரோப்பிலீன். அதன் மேல் எந்தப் பெயிண்டும் லேசில் பிடிக்காது. ஸ்பூனில் உள்ள முக்கோணக் குறிக்குள் 5 என்றிருந்தால் பாலிபுரோப்பிலீன், 6 என்றிருந்தால் பாலிஸ்டைரீன். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் ஸ்பூன்களுக்கு 2022 ஜூலை முதல் இந்தியாவில் தடை இருப்பதால், இந்தப் பழக்கத்தைக் கைவிட நல்ல சாக்கும் கிடைத்திருக்கிறது. மாடல் உதிரிகள் வரும் கிட் பெட்டிக்குள்ளேயே சோதனைப் பொருள் கிடக்கிறது: உதிரிகளைத் தாங்கி நிற்கும் சட்டம், விமான மாடலில் ஒட்டாமல் மிஞ்சிய குண்டுகள், எரிபொருள் தொட்டிகள். பழைய கிட்டின் இறக்கை ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. உலோகத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் தகட்டுக் கோடுகள் பிரைமரில் மூழ்குகின்றனவா என்பதும் தெரிந்துவிடும். எதுவானாலும் பாத்திர சோப்பு நீரில் கழுவிக் காயவைத்த பிறகே தெளிக்க வேண்டும். அச்சிலிருந்து எளிதில் கழற்றத் தடவும் எண்ணெயும் நம் விரல் பிசுக்கும் அதில் ஒட்டியிருக்கும்.

அடுத்தது அவசரம். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக பிரைமர் இறுகிவிட்டது என்று பொருளில்லை. வல்லேஹோ நிறுவனத்தின் சர்ஃபேஸ் பிரைமர் போன்ற அக்ரிலிக்-பாலியூரித்தேன் வகைக்கு ஒரு நாளாவது விட்டு, பிறகு மாஸ்கிங் டேப் ஒட்டி உரித்துப் பார்ப்பதே நியாயமான சோதனை. இறுகிய பிறகும் அந்த வகையை உப்புத்தாளால் தேய்த்தால் விளிம்பில் தோலாக எழும்பக்கூடும். தேய்க்கும் வேலை நிறைய இருந்தால் மிஸ்டர் சர்ஃபேசர் போன்ற, வேகமாக ஆவியாகும் கரைப்பானில் கலந்த லாக்கர் வகையே என் தேர்வு. அது பொடியாக உதிர்ந்து விளிம்பு மெலிகிறது. அதில் 500, 1000, 1200, 1500 என எண் ஏற ஏற நயம் கூடும். அசலில் 72-இல் ஒரு பங்கு அளவான 1/72 விமானத்துக்கு 500 வேண்டாம். கீறலோடு சேர்த்துத் தகட்டுக் கோட்டையும் அடைத்துவிடும்.

பெயிண்டைப் "பால் பதத்துக்கு" நீர்க்க வேண்டும் என்பார்கள். தொடக்கத்துக்கு அது போதும், அளவுகோல் ஆகாது. தெளித்த இடத்தில் பெயிண்ட் சிலந்திக்கால் போல ஓடினால் மிகவும் நீர்த்திருக்கிறது, அல்லது காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ் மிக அருகில் இருக்கிறது, அல்லது அழுத்தம் அதிகம். மணல் போலச் சொரசொரத்தால் பெயிண்ட் பரப்பில் விழுமுன்பே காய்கிறது. இங்கேதான் பலர் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றி, எது பலித்தது என்று தெரியாமல் விழிக்கிறார்கள். ஒன்றை மட்டும் மாற்றி, கலவை விகிதத்தையும் அழுத்தத்தையும் சோதனைத் துண்டின் பின்புறமே எழுதி வைக்கலாம். 0.3 மி.மீ. நாசிலில் (பெயிண்ட் வெளிவரும் துளை) 15 முதல் 20 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) வரை நல்ல தொடக்கம். அந்த எண்ணை ஏர்பிரஷின் விசையை அழுத்திக் காற்று ஓடும்போது படிக்க வேண்டும். சும்மா இருக்கும்போது அழுத்தமானி கூடுதலாகக் காட்டும். பெயிண்டை நீர்க்கச் செய்யும் தின்னரை மாற்றிப் போட்டுப் பார்ப்பதும் ஆபத்து. டாமியா நிறுவனத்தின் அக்ரிலிக்குக்கு ஒத்துப்போகும் ஆல்கஹால், வல்லேஹோவைத் திரளவைத்து நாசிலை அடைத்துவிடும்.

கைப்பழக்கத்துக்குக் காகிதம் போதும். புள்ளி, கோடு, மங்கல் எல்லாவற்றையும் அதில் பழகலாம். பெயிண்டின் பதத்தை மட்டும் அதில் எடைபோடக் கூடாது, காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். காற்றையும் பெயிண்டையும் ஒரே விசையால் தனித்தனியே கட்டுப்படுத்தும் இரட்டைச் செயல் ஏர்பிரஷில் முதலில் காற்று, பிறகு பெயிண்ட். முடிக்கும்போது முதலில் பெயிண்டை நிறுத்திக் கடைசியில் காற்றை விட வேண்டும். முறை தவறினால் நுனியில் பெயிண்ட் தேங்கி, அடுத்த வீச்சில் துப்பும்.

லாக்கர் தெளிக்கும்போது துணி முகமூடியால் பயனில்லை, அது ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகக்கவசமும், வெளியே காற்றைத் தள்ளும் விசிறியும் வேண்டும்.

சென்னை போன்ற கடலோர ஊரில் மழைநாளில் லாக்கர் தெளித்தால், காற்றின் ஈரம் படிந்து பூச்சு வெண்மையாக மங்கும். ஏர்பிரஷுக்குக் காற்றைத் தரும் கம்ப்ரசரில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி, குழாய்க்குள் வரும் நீரைத்தான் நிறுத்தும். அறைக்காற்றின் ஈரத்தை அது ஒன்றும் செய்யாது. மங்கிய பூச்சைச் சுரண்ட வேண்டியதில்லை. உலர்ந்த நாளாகப் பார்த்து, மெதுவாக ஆவியாகும் லெவலிங் தின்னரை மட்டும் மெல்லியதாகத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.