குடும்ப மருத்துவப் பயிற்சி: ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

மலேசியாவில் குடும்ப மருத்துவ நிபுணர் (எஃப்.எம்.எஸ்.) ஆக வேண்டும் என்று முடிவெடுத்த மருத்துவ அதிகாரி (எம்.ஓ.) முதலில் செய்வது பல்கலைக்கழகப் பெயர்களை வரிசைப்படுத்துவது. முதல் சறுக்கலும் அதுதான். மலாயா, தேசியம், அறிவியல் என எதுவானாலும் மாஸ்டர்ஸ் 4 ஆண்டுதான். வசதி குறைந்தவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் எண்ணம் இருந்தால், அந்த 4 ஆண்டில் எந்தெந்த கிளினிக்கில், எத்தனை மாதம் உட்கார வைப்பார்கள் என்றுதான் கேட்க வேண்டும். பினாங்குக்காரர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் பினாங்கில் இருந்தாலும், அதன் மருத்துவப் பள்ளி கிளந்தானின் குபாங் கெரியானில் இருக்கிறது.

அடுத்தது, "வசதி குறைந்தவர்கள்" என்றதும் உட்புறக் கிராமத்தை மட்டும் நினைப்பது. கோலாலம்பூர் லெம்பா பந்தாயின் பி.பி.ஆர். (மலிவு விலை அரசு வீடமைப்பு) அடுக்குமாடிகளும் பினாங்கு நிபோங் திபால் தோட்டப்புறமும் அதே கணக்குதான். மலேசியருக்கு அரசு கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்). வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். யு.என்.எச்.சி.ஆர். (ஐ.நா. அகதிகள் ஆணையம்) அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையில் அந்தக் கட்டணத்தில் பாதி. காசுக்குப் பயந்து கர்ப்பிணிகள் பிந்தி வருவார்கள். அப்படிப்பட்டவர்கள் வரும் கிளினிக்கில் கற்பதே வேறு.

கிளினிக் கெசிஹாத்தானின் (அரசு சுகாதார கிளினிக்) வகையைக் கேட்காமல் விடுவதும் தவறு. 1ஆம் வகையில் நாளுக்கு 800 பேருக்கு மேல் வருவார்கள். 7ஆம் வகையில் 50க்கும் குறைவு. பெரியதில் எல்லா நோயும் கண்ணில் படும், மேற்பார்வைக்கு எஃப்.எம்.எஸ். பக்கத்திலேயே இருப்பார். ஆனால் ஒருவருக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். சிறியதில் நேரம் உண்டு, எஃப்.எம்.எஸ். சில நாள் மட்டும் வந்து போகலாம். இரண்டும் கலந்த பயிற்சியே நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஒரே நோயாளி திரும்ப உங்களிடமே வருவாரா என்று கேட்காதது. 2023 தேசிய ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இன்சுலின் தொடங்கி வைத்துவிட்டு அடுத்த வருகையில் அவரைப் பார்க்கவில்லை என்றால், அளவைக் கூட்டியது சரியா, இரவில் சர்க்கரை இறங்கியதா, ஊசி போடப் பயந்து நிறுத்திவிட்டாரா, எதுவும் தெரியாது. எண் சீட்டுப்படி எந்த அறை காலியோ அங்கே அனுப்பும் கிளினிக்கில் இது நடக்காது. குடியிருப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குழுவை வைத்திருக்கும் கிளினிக்காகப் பாருங்கள். மருத்துவமனைச் சுழற்சி மாதங்களிலும் வாரம் அரை நாள் பழைய நோயாளிகளைப் பார்க்க விடுவார்களா என்றும் கேளுங்கள். "பார்க்கலாம்" என்று இழுத்தால் விடமாட்டார்கள் என்று பொருள்.

வேலையை விடாமல் படிக்க நினைப்பவர்கள் குடும்ப மருத்துவர் அகாடமியின் பேரலல் பாத்வேயை (பல்கலைக்கழக மாஸ்டர்ஸ் இல்லாமல் நிபுணராகும் வழி) தேர்ந்தெடுப்பதுண்டு: ஜி.சி.எஃப்.எம். என்ற அடிப்படைச் சான்றிதழ் 2 ஆண்டு, பிறகு ஏ.டி.எஃப்.எம். என்ற மேல்நிலைப் பயிற்சி 2 ஆண்டு. நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்களோ, அங்குள்ள நோயாளிகள்தான் உங்கள் பாடம். பங்சாரில் கம்பெனி ஊழியர்களைப் பார்க்கும் பேனல் கிளினிக்கில் எம்.சி. (விடுப்புக்கான மருத்துவச் சான்று) கேட்டு வரும் சளிக்காய்ச்சலை மட்டும் பார்த்தால் 4 ஆண்டும் அதுவேதான். குறைந்தது வாரம் ஒரு நாளாவது வேறு இடம் தேடுங்கள்.

காகித வேலையில் இரண்டு மட்டும். பட்டம் தேசிய நிபுணர் பதிவேட்டில் ஏற்கப்படுமா என்பதை விளம்பரத் தாளில் படிக்காமல் மலேசிய மருத்துவ மன்றத்திடமே உறுதி செய்யுங்கள். சட்டம் 2024இல் திருத்தப்பட்டது, பழைய பதில் உதவாது. அரசு உதவித்தொகையில் படித்தால், ஒப்பந்தக் காலத்தில் எங்கே அனுப்புவார்கள் என்ற விதியைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள்.

கடைசியாக, மொழி. தமிழும் மலாயும் போதும் என்று நினைப்பவருக்கு மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்யா, சின் இன நோயாளிகள் எதிரே வந்து அமர்வார்கள். மொழிபெயர்க்க யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். தாயின் இரத்தப்போக்கைப் பத்து வயது மகன் விளக்க வேண்டிய கிளினிக்கில் பாதி விவரம் வெளியே வராது. ஒரு திங்கட்கிழமை காலை காத்திருப்பு நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும்.