பிஸ்டலை எத்தனை ரவுண்டுக்கு ஒருமுறை முழுசாகப் பிரிப்பது?

புதுசாகத் துப்பாக்கி வாங்கும் நம்மவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எல்லோருக்கும் ஒரு எண் வேண்டும். சரி, என் எண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னுடைய 9 எம்.எம். க்ளாக் 19 பிஸ்டலை ஏறக்குறைய 1500 ரவுண்டுக்கு (ஒரு ரவுண்டு என்றால் சுடும் ஒரு தோட்டா) ஒருமுறை, அவ்வளவு சுடாவிட்டால் வருஷத்துக்கு ஒருமுறை, ஸ்லைடுக்குள் (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகம்) இருக்கும் பாகங்கள் வரை கழற்றிச் சுத்தம் செய்கிறேன். .22 ரூகர் மார்க் 4 பிஸ்டலுக்கு 500 ரவுண்டு. இவை என் துப்பாக்கிக்கும், நான் வாங்கும் தோட்டாவுக்கும், ஹூஸ்டன் புழுக்கத்துக்கும் பொருந்திய எண்கள். உங்களுக்குப் பொருந்துவது எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் மீதி எல்லாம்.

என் தொழில் பம்பு பராமரிப்பு. கோயம்புத்தூரில் கற்றுக்கொண்டது, இப்போது ஹூஸ்டன் கப்பல் கால்வாய்ப் பக்கம் ஒரு ஆலையில் அதையே செய்கிறேன். காலண்டரைப் பார்த்துப் பம்பைப் பிரிக்கிறவர்கள் உண்டு. அதிர்வு, சூடு, கசிவு பார்த்துப் பிரிக்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பம்பைச் சும்மா திறந்து மூடினால் சீலைக் கெடுத்து வைப்பதுதான் மிச்சம். பிஸ்டலிலும் அப்படித்தான். ஒவ்வொரு முறை சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய் வந்ததும் கடைசி ஸ்பிரிங் வரை கழற்றுகிறவர், அழுக்கால் வரும் கோளாறைவிடத் தன் கையால் வரும் கோளாறைத்தான் அதிகம் பார்ப்பார்: கார்ப்பெட்டில் காணாமல் போன குட்டி ஸ்பிரிங், திருப்பி மாட்டிய பிளஞ்சர் (ஸ்பிரிங்கோடு நகரும் சின்னக் கம்பி), கீறல் விழுந்த பேரல் (குழல்) வாய்.

நடுவில் ஒன்று. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டுக்காரருக்கு அந்தத் தடை இல்லை. நண்பரின் துப்பாக்கியைச் "சுத்தம் பண்ணித் தரேன்" என்று வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு முன்னால் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுட்ட அன்றைக்குச் செய்ய வேண்டியது வேறு, முழுச் சுத்தம் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் "வாராவாரமா, வருஷத்துக்கு ஒருதரமா" என்று வாக்குவாதம் வருகிறது. சுட்டதும் கூடிய சீக்கிரம் சுத்தம் செய் என்கிறது க்ளாக் கையேடு. மாதம் ஒருமுறையாவது செய் என்றும் சொல்கிறது. அது ஸ்லைடு, பேரல், ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடை முன்னால் தள்ளுவது), ஃபிரேம் (கைப்பிடியுள்ள கீழ்ப்பாகம்) என்று நான்காகப் பிரித்துத் துடைக்கிற வேலை. கால் மணி நேரம் போதும். முழுச் சுத்தம் என்று நான் சொல்வது ஸ்ட்ரைக்கர் (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி), எக்ஸ்ட்ராக்டர் (சுட்டதை வெளியே இழுக்கும் கொக்கி), ஃபயரிங் பின் சேஃப்டி (அந்த ஊசி தானாகப் பாயாமல் தடுக்கும் பொத்தான்) ஆகியவற்றை ஸ்லைடிலிருந்து வெளியே எடுத்து, மேகசின்களையும் (தோட்டா அடுக்கும் பெட்டி) பிரித்துச் செய்வது. இதைத் தகுதி பெற்ற ஆர்மரரிடம் (துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர்) விட்டுவிடச் சொல்கிறது கம்பெனி. கையில் தொழில் இருந்தால் நீங்களே செய்யலாம். ஆனால் முதல் முறை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

அழுக்கு எங்கே சேர்கிறது என்று தெரிந்தால் எப்போது பிரிப்பது என்பதும் பாதி தெரிந்த மாதிரி. பேரலைத்தான் எல்லோரும் தேய் தேய் என்று தேய்ப்பார்கள். 9 எம்.எம். பேரலுக்கு அவ்வளவு உபசாரம் தேவையில்லை. செம்பு உறை போட்ட தோட்டாவைச் சுடும் பேரலில் ஒரு பிரஷ், நாலு துணித்துண்டு போட்டால் வேலை முடிந்தது. தொல்லை தருவது எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடிப்பகுதி. சுட்ட கேஸின் (தோட்டாவின் காலிக் கூடு) விளிம்பைப் பிடித்து வெளியே இழுக்கும் அந்தக் கொக்கிக்குள் கரி இறுகிப்போனால் பிடி தளரும். கேஸ் சரியாக வெளியே போகாமல் ஸ்லைடின் வாயில் செங்குத்தாக மாட்டிக்கொள்ளும். அடுத்தது ஸ்ட்ரைக்கர் ஓடும் குழி. அங்கே பித்தளைத் துகளும் கரியும் போய்ச் சேரும். யாராவது அதற்குள் எண்ணெய் விட்டிருந்தால் எல்லாம் சேர்ந்து பசையாகிவிடும், ஸ்ட்ரைக்கரின் வேகம் குறையும், பிரைமரில் (தோட்டாவின் அடியில் இருக்கும், குத்தினால் தீப்பற்றும் குப்பி) லேசான குழி மட்டும் விழுந்து தோட்டா வெடிக்காமல் நிற்கும். க்ளாக்கில் அந்தக் குழி உலர்ந்தே இருக்க வேண்டும். ஒரு சொட்டுகூட வேண்டாம்.

அதனால் ஒவ்வொரு சாதாரணச் சுத்தத்தின்போதும் டார்ச் அடித்து எக்ஸ்ட்ராக்டர் கொக்கியைப் பாருங்கள். மரத்தாலான பல்குச்சியால் சுரண்டினால் கரி உதிர்கிறதென்றால் பரவாயில்லை. கல் மாதிரி ஒட்டியிருந்தால் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது. ரேஞ்சில் கீழே விழும் கேஸ்களையும் பாருங்கள். வழக்கமாக வலது பக்கம் ஒரே இடத்தில் போய் விழுந்தவை இப்போது தலைக்கு மேலும் காலடியிலுமாகச் சிதறினால் எக்ஸ்ட்ராக்டர் ஏதோ சொல்கிறது. பிரைமரில் விழும் குழி ஆழம் குறைந்தால் ஸ்ட்ரைக்கர் குழியைத் திறங்கள். ரவுண்டுக் கணக்கு என்ன சொன்னாலும் சரி, இந்த அறிகுறிகள் வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

எண்ணைக் கீழே இறக்குவது தோட்டாதான். .22 தோட்டாவின் ஈயத்தில் பெரும்பாலும் மெழுகோ எண்ணெய்ப் பூச்சோ இருக்கும். அதோடு எரிந்த வெடிமருந்தும் சேர்ந்தால் சேம்பருக்குள் (பேரலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் இடம்) ஒரு வளையம் மாதிரி படியும், அடுத்த தோட்டா முழுசாக உள்ளே போகாது. அதனால்தான் மார்க் 4-க்கு 500. 2016-ல் வந்த அந்த மாடலில் பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் மேல்பாகம் திறந்துகொள்ளும். அதற்கு முந்தைய ரூகர் மார்க் வரிசை வைத்திருப்பவர்கள் பாவம், பிரிப்பது சுலபம், திரும்ப மாட்டுவதற்குள் வேர்த்துவிடும். .22 பேரலின் உள்பக்கத்தை மட்டும் நான் அடிக்கடி தொடுவதில்லை. குறி சிதற ஆரம்பித்தால்தான். சேம்பரையும் போல்ட் முகத்தையும் (தோட்டாவின் அடியைத் தாங்கும் பரப்பு) சுத்தமாக வைத்தால் போதும்.

உறை போடாத ஈயத் தோட்டாவைக் க்ளாக்கில் சுடுவது இன்னொரு கதை. நான்காம் தலைமுறை வரைக்கும் வந்த க்ளாக் பேரல்களுக்குப் பலகோண வடிவ உட்புறம். அதில் வெறும் ஈயம் வேண்டாம் என்பது கம்பெனியின் எச்சரிக்கை. ஈயம் படிந்து வழி குறுகினால் உள்ளே அழுத்தம் எகிறும். ஸ்டீல் கேஸ் தோட்டாக்களில் விலை மலிவு, புகையும் கரியும் அதிகம். சப்ரஸர் (சத்தத்தைக் குறைக்கும் குழாய்) மாட்டிச் சுடுகிறவர்களுக்கு வாயு பின்னோக்கித் தள்ளப்படுவதால் ஸ்லைடு, மேகசின் எல்லாம் கறுத்துப்போகும். என் எண்ணைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

பழைய சோவியத் பக்கத்து ராணுவ மிச்சமாக வரும் 7.62 டோகரேவ் தோட்டாவுக்கு எண்ணே கிடையாது, அன்றன்றைக்கே செய்ய வேண்டும். அந்தப் பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடு உப்பாக மாறிப் பேரலில் படிந்து, காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மெக்சிகோ வளைகுடாக் காற்றில் ஒரு ராத்திரி போதும், செந்நிறம் தெரியும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அப்புறம் எண்ணெய் பூசுங்கள். துப்பாக்கிக்குத் தண்ணீரா என்று பதற வேண்டாம்.

சுடாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிகிறவர்களுக்கு அழுக்கு வேறு வழியில் வரும். ஹூஸ்டன் ஆகஸ்டில் சட்டைக்குள் இருக்கும் பிஸ்டலில் வியர்வை உப்பும் துணி நூலும் சேரும். ஸ்லைடின் கருப்புப் பூச்சு தாக்குப்பிடிக்கும். குறி பார்க்கும் சைட், சின்னத் திருகு, மேகசினுக்குள் இருக்கும் ஸ்பிரிங் ஆகியவை துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை நான்காகப் பிரித்துத் துடைத்து, மேகசினைக் காலி செய்து பாருங்கள். டெக்சஸின் மேற்கே, எல் பாசோ பக்கம் இருப்பவர்களுக்கு ஈரம் பிரச்சினை இல்லை, புழுதிதான். அங்கே எண்ணெயைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வழிய வழிய எண்ணெய் போட்டால் மணல் அதில் ஒட்டி, தேய்க்கும் பசையாகிவிடும்.

இப்போது வேலைக்கு வருவோம். இடம் கராஜ். சாப்பாட்டு மேஜை கூடவே கூடாது. காரணம், பிரைமரில் உள்ள ஈய ஸ்டிஃப்னேட். நீங்கள் துடைத்தெடுக்கும் கறுப்பில் ஈயம் இருக்கிறது. குழந்தைகளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நிலை. நைட்ரைல் கையுறை போடுங்கள், பக்கத்தில் காபி வைக்காதீர்கள், முடிந்ததும் பச்சைத்தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அழுக்குத் துணியை மூடிப் போடுங்கள், அந்தச் சட்டையைப் பிள்ளைகள் துணியோடு துவைக்காதீர்கள். என் மனைவி இதற்கென்றே எனக்கு ஒரு பழைய சட்டை ஒதுக்கியிருக்கிறாள். அது வீட்டுக்குள் வரக் கூடாது.

தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும். முதலில் மேகசினை எடுங்கள், அப்புறம் ஸ்லைடை இழுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது: மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்து விட்டால் ஒரு தோட்டா வெளியே வரும், இன்னொன்று சேம்பருக்குள் போய் உட்காரும். ஸ்லைடைப் பின்னால் பூட்டி, சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலால் தடவிப் பாருங்கள். க்ளாக்கைப் பிரிக்க ட்ரிகரை அழுத்தியே ஆக வேண்டும் என்பதால் இதை இரண்டு தடவை பார்த்தாலும் தப்பில்லை. குண்டு தாங்கும் திசை பார்த்து அழுத்துங்கள்.

நான்காகப் பிரித்த பிறகு ஸ்லைடின் பின்பக்கம். மெல்லிய பஞ்ச் கருவியால் (குத்தூசி போன்றது) ஸ்ட்ரைக்கரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பேரல் வாய்ப்பக்கமாக அழுத்திப் பிடித்தபடி, பின்தகட்டைக் கீழே நகர்த்த வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு, தகட்டின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொள்ளுங்கள். விட்டால் ஸ்பிரிங் பறக்கும். ஸ்ட்ரைக்கரும் எக்ஸ்ட்ராக்டர் பிளஞ்சரும் பின்னால் வரும். ஃபயரிங் பின் சேஃப்டிப் பொத்தானை அழுத்தினால் எக்ஸ்ட்ராக்டர் விழும், கடைசியாகப் பொத்தானும் அதன் ஸ்பிரிங்கும். கழற்றிய வரிசையிலேயே ஒரு வெள்ளைத் துணியில் வைத்து செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சால்வென்ட் (கரியைக் கரைக்கும் திரவம்) எது நல்லது என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. 1903-லிருந்து விற்கும் ஹாப்பிஸ் 9 வேலை செய்யும், வாசனைதான் வீடு முழுக்க வரும். பாலிஸ்டால் எனக்குப் பிடிக்கும், பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டத்தான். அதையே எண்ணெயாக நம்பி விட்டுவிடாதீர்கள். பிரேக் கிளீனரை ஃபிரேமில் அடிக்காதீர்கள். செம்பைக் கரைக்கும் சால்வென்டோடு வெண்கலப் பிரஷ் போட்டால் பிரஷே கரைந்து துணியில் நீலம் பூக்கும், பேரலில் இன்னும் செம்பு இருக்கிறது என்று நினைத்து ராத்திரி முழுக்கத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். பிரஷை சேம்பர் பக்கமிருந்து நுழைத்து வாய்ப்பக்கம் முழுசாக வெளியே வரும்வரை தள்ளுங்கள், நடுவில் திருப்பாதீர்கள்.

ஸ்ட்ரைக்கர் குழியைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து, கடைசிக் குச்சி வெள்ளையாக வந்த பிறகு ஒரு நூல்கூட உள்ளே தங்காமல் பாருங்கள். ஃபிரேமில் பின்களைத் தட்டிக் கழற்றுவதில்லை நான். பிரஷும் காற்றும் போதும். மேகசினின் அடித்தகட்டைக் கழற்றும்போதும் ஸ்பிரிங் துள்ளும், விரல் மேலே இருக்கட்டும். குழாயை உலர்ந்த பிரஷால் துடைத்து, எண்ணெய் விடாமல் மூடுங்கள். ரீகாயில் ஸ்பிரிங்கை நான் 5000 ரவுண்டில் மாற்றிவிடுகிறேன், அது அழுக்கில்லை, தேய்மானம்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது எக்ஸ்ட்ராக்டர் பிளஞ்சரின் திசை: பிளாஸ்டிக் முனை பின்தகட்டைப் பார்க்க வேண்டும். பிறகு ஸ்லைடு கையில் இருக்கும்போதே ஸ்ட்ரைக்கரின் கீழ்க்கொம்பைப் பின்னால் இழுத்து, மெதுவாக முன்னால் விட்டு, விரலால் அழுத்திப் பாருங்கள். சேஃப்டி தடுக்க வேண்டும், முனை வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. வந்தால் அந்தத் துப்பாக்கி ஆர்மரரிடம் போக வேண்டும். ஸ்லைடு ஓடும் தடங்கள், பேரலின் வெளிப்பக்கம், ட்ரிகர் பாரும் கனெக்டரும் (ட்ரிகரோடு சேர்ந்து வேலை செய்யும் உலோகத் துண்டுகள்) உரசும் மூலை: இங்கெல்லாம் ஒவ்வொரு சொட்டு.

முழுசாகச் சேர்த்த பின், காலித் துப்பாக்கியை மறுபடி சோதித்து, பாதுகாப்பான திசையில் ட்ரிகரை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்லைடை இழுத்து விடுங்கள். ட்ரிகரை மெல்ல விடும்போது கிளிக் என்று முன்னால் வந்து நிற்க வேண்டும். இது நடந்தாலும் நான் உடனே படுக்கையோரப் பெட்டிக்குள் வைப்பதில்லை. ரேஞ்சுக்குப் போய் ஒரு பெட்டி, 50 ரவுண்டு, எல்லா மேகசினையும் மாற்றி மாற்றிப் போட்டுச் சுட்டுப் பார்ப்பேன். மாட்டிக்கொண்டால் எந்த மேகசினில் மாட்டியது என்று நோட்டில் குறித்துக்கொள்வேன். மேகசின்களுக்கு மார்க்கரில் 1, 2, 3 என்று எழுதி வைத்திருப்பது அதற்காகத்தான்.